குண்டுக் கடிதம் வந்த வாரம்

முப்பதுகளில் கண்டியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் நான் கிளாக்கராக இருந்தேன். ஒரு திங்கட்கிழமை மொட்டைக் கடிதம் ஒன்று வந்தது. வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்குக் கல்லூரிக்குள் குண்டு வெடிக்கும் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. உறையில் கெலிஓயா தபால் முத்திரை. பிரித்துப் படித்தவன் நான் என்பதாலோ என்னவோ, ஏற்பாடுகள் எல்லாம் என் தலையில் விழுந்தன.

வெள்ளைக்கார அதிபர் சொல்லச் சொல்ல எழுதினேன். மணி விடாமல் அடித்தால் எல்லாரும் மைதானத்துக்கு ஓட வேண்டும். வகுப்பு வகுப்பாக வரிசையில் நிற்க வேண்டும். ஆசிரியர்கள் பெயர் கூப்பிட்டுப் பார்த்து, ஆள் சரி என்று என்னிடம் சொல்ல வேண்டும். கேட்பாரற்றுக் கிடக்கும் பொதியைத் தண்ணீர் வாளியில் அமுக்க வேண்டும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா? புதன்கிழமை, ஒரு மாணவனுக்காக அவனுடைய வாப்பா வாசலில் வைத்துவிட்டுப் போன வட்டிலப்ப இனிப்புப் பொதியை வாளியில் அமுக்கினோம். யாரும் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஹந்தானை மலைப் பக்கமிருந்து மழை இறங்கிக்கொண்டிருந்தது. பத்தரைக்கு மணி அடித்தது. மைதானத்தில் எல்லாரும் நனைந்துகொண்டு நின்றார்கள். யாழ்ப்பாணத்துக் கணக்கு வாத்தியார் கடைசியாக வந்தார். "ஓம், என்ர வகுப்பும் முழுக்க வந்திட்டுது. ஒருத்தரும் உள்ளுக்கு இல்லை" என்றார். அதிபர் நீட்டிய தாளில், அனைவரும் வெளியே வந்துவிட்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

போட்ட பிறகுதான் அவள் நினைவு வந்தது. மஹய்யாவவிலிருந்து வந்து கக்கூசு கழுவுகிறவள். வீட்டில் கைக்குழந்தை. மணி அடித்தால் அவள் மாணவர்கள் கண்ணில் படக் கூடாது. பின்கட்டில் விளக்குமாறு வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வகுப்பு தொடங்கிய பிறகே வெளியே வர வேண்டும். அது கல்லூரி வழக்கம். வேலைக்கு வந்த முதல் நாளே அதை அவளுக்குச் சொன்னவன் நான்தான். விடாமல் அடிக்கும் இந்த மணிக்கு மட்டும் ஓட வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டேன். மறந்தேன் என்பதும் பொய். நாட்கூலிக்காரியைப் பற்றி நினைக்கவே இல்லை.

பதினொன்றாகப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. ஓடியிருந்தால் மூன்று நிமிடத்தில் அவளை வெளியே கொண்டுவந்திருக்கலாம். ஓடவில்லை. கணக்கு வாத்தியாரிடம் மட்டும் மெல்லச் சொன்னேன்.

"ஐயோ, அதிபரிட்டைச் சொல்லுமன்!" என்றார்.

சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டாயிற்றே, வேலை போய்விடுமே என்று பயம். உள்ளே போகவோ உயிர்ப் பயம். அவரும் போகவில்லை. கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பதினொன்று கடந்தது. பதினொன்றரையும் கடந்தது. ஒன்றும் வெடிக்கவில்லை. பொலிசார் முன்கட்டில் தேடத் தொடங்கியதும் எனக்கு வீரம் வந்துவிட்டது. பின்பக்கமாகப் போய் அந்தக் கதவைத் தள்ளினேன்.

இருட்டில் வாளிகளுக்கு நடுவே அவள் நின்றுகொண்டிருந்தாள். உட்காரக்கூட இடமில்லாத அறை அது.

"இன்னைக்கு என்னங்கய்யா இவ்வளவு நேரம்? புள்ளைங்க எல்லாம் போயிட்டாங்களா? வீட்டுல குழந்த பாலுக்கு அழுவும்."

விஷயத்தைச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இனிமே மணி விடாம அடிச்சா, நீயும் மைதானத்துக்கு ஓடி வந்துரு" என்றேன்.

அவள் வாளியைக் கையில் எடுத்தாள்.

"சரிங்கய்யா. அங்க நான் எந்த வரிசையில நிக்கிறது?"