பூட்டிய கழிப்பறையும் சுகாதார டீச்சரும்

சிறுநீரகப் பாடத்தை நான் ஒற்றைக் காலில் நின்றுதான் நடத்துவேன். பாடத்தில் அவ்வளவு ஈடுபாடு என்று பிள்ளைகள் நினைத்தார்கள். உண்மையில் அடக்கிக்கொண்டு நின்றேன்.

இலங்கை மலையகத்தில், டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலை. பழைய கழிப்பறை இடிந்ததும் வெள்ளை டைல்ஸ் பதித்துப் புதிதாக ஒன்று கட்டினார்கள். அதன் அழகில் மயங்கிய பாடசாலை அதிபர், மேலிடத்திலிருந்து யாராவது வந்தால் காட்டலாம் என்று பூட்டிவைத்தார். சாவி அவர் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. பையன்களுக்குத் தேயிலை மலை இருந்தது. ஆசிரியைகளுக்கும் மாணவிகளுக்கும் அடக்கம்தான் இருந்தது.

சாவியைக் கேட்டிருக்கலாம். ஆனால் அதிபரைச் சுற்றி எப்போதும் ஆண் ஆசிரியர்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு வாய் வராது. ஆகவே காலைத் தேத்தண்ணியை நிறுத்தினேன். தண்ணீர்ப் போத்தல் அலங்காரத்துக்குக் கூட வந்தது. நீர்க்கடுப்பு வந்தபோது உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன்.

ஒருநாள் பாடத்தின் நடுவே குளிர்காய்ச்சல் உதறியது. இடுப்புக்கு மேலே முதுகு பிளந்தது. த்ரீவீலில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

"கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறிடுச்சு" என்றார் டொக்டர். "தண்ணியும் குடிக்காம, அடக்கி அடக்கி வச்சா இப்படித்தான். இன்னும் விட்டிருந்தா ரத்தத்துல கலந்திருக்கும். என்ன வேலை பாக்குறீங்க?"

"சுகாதாரம் படிச்சுக் குடுக்கிறேன்."

அவர் சிரிக்கவில்லை. நல்ல வளர்ப்பு.

பார்க்க வந்த ராணி டீச்சர் தலைமாட்டில் உட்கார்ந்து சொன்னார்: "நம்ம பொம்பளப் பிள்ளைங்களுக்கும் இதே கடுப்புதாங்க. எட்டாம் வகுப்பு கௌசல்யா இந்த வாரம் ஸ்கூலுக்கே வரல்ல."

குணமாகித் திரும்பிய அன்றே அலுவலகத்துக்குள் போனேன்.

"சேர், ஒண்ணுக்குப் போகணும். சாவி குடுங்க."

தேத்தண்ணிக் கோப்பைகள் அந்தரத்தில் நின்றன. அதிபர் காது வரை சிவந்தார்.

"அதுக்கென்ன டீச்சர், முன்னமே கேட்டிருக்கலாமே!"

"அந்த ஒரு வரியத் தயார் பண்ணத்தான் சேர் இத்தனை வருஷம்."

போய்த் திறந்தேன். வெளியே முழங்கை அளவுப் பூட்டு. உள்ளே தாழ்ப்பாளே இல்லை. திரும்பி வந்தேன்.

"பூட்ட எடுத்துட்டு உள்ளுக்குத் தாழ்ப்பாள் போடுங்க சேர். பிள்ளைங்களும் போகணும்."

"நாசமாக்கிருவாங்க டீச்சர்! மேலிடத்துல இருந்து வந்தா எதக் காட்டுறது?"

"என்னையக் காட்டுங்க. கௌசல்யாவக் காட்டுங்க."

அதிபர் கெட்டவர் இல்லை. முனகிக்கொண்டே மறுநாள் தாழ்ப்பாள் போட்டார். கௌசல்யாவும் வந்தாள், தண்ணீர்ப் போத்தலோடு.

பிறகொரு நாள் மேலிடத்து அதிகாரி வந்தார். பெண். ஹட்டனிலிருந்து குண்டும் குழியுமான பாதையில் குலுங்கி வந்தவர், அதிபர் நீட்டிய மாலையைக்கூடக் கவனிக்கவில்லை.

"டொயிலட் எங்க இருக்கு?"

வாசலில் மாணவிகள் வரிசை. அவரும் போய்க் கடைசியில் நின்றார், ஒற்றைக் காலில். அந்த நிற்பு எனக்குத் தெரியும். கௌசல்யாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். "நீங்க முதல்ல போங்க மிஸ்" என்று வழிவிட்டாள்.

எந்தப் பாடசாலைக்கானாலும் புதிதாக வேலைக்குப் போகும் டீச்சர்மாருக்கு ஒன்று சொல்வேன்: முதல் நாளே சாவி எங்கே என்று கேளுங்கள். பாட நேரசூசியைப் பிறகு கேட்கலாம்.