கூழ் கரைத்த தண்ணீர்

தொண்ணூற்றொன்றாம் வருடம் எங்கள் ஊருக்குக் குழாய் வந்தது. சேரப்பணஞ்சேரியைத் தாண்டி உள்ளே போகிற ஊர் எங்களுடையது. அதுவரை ஏரித் தண்ணீரைத்தான் துணியில் வடிகட்டிக் குடித்துக்கொண்டிருந்தோம். மாடு குளிப்பாட்டுவதும் அங்கேதான். மற்றதைச் சொல்ல வேண்டாம். யூனியன் ஆபீஸ்காரர்கள் ஊரில் போர்க்கிணறு போட்டு, உயரமாக ஒரு டேங்கு கட்டி, தெருவுக்கு ஒரு குழாய் வைத்தார்கள். அதைத் திறந்து மூடும் வேலை என் வீட்டுக்காரருக்குக் கிடைத்தது. மனுஷன் கலெக்டர் உத்தியோகம் வந்த மாதிரி தினமும் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு போவார்.

ஆனி மாதக் கடைசியில் பக்கத்து ஊர் ஒன்றில் வாந்திபேதி என்று செய்தி வந்தது. சுகாதார ஆய்வாளர் வந்து ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரை இறக்கினார். டேங்கில் எப்படிக் கலக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரருக்குச் செய்துகாட்டிவிட்டுப் போனார். மறுநாள் தெருவே எங்கள் வாசலில் நின்றது.

“இன்னாபா தண்ணி இது, ஆஸ்பத்திரியக் கழுவிவுட்ட மாதிரி கீது?”

“சோறு நாறுது, டீ நாறுது. மாடுகூட மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்கினு போவுது.”

என் வீட்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விளக்கினார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. “நாறினாலும் உசுரோட நாறுங்க. ஏரித் தண்ணியக் குடிச்சிப் போய்ச் சேர வாணாம்” என்றேன். வாய்க்காரி என்று எனக்கு ஊரில் பெயர். அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

எனக்குப் பயமெல்லாம் என் நாத்தனாரை நினைத்துத்தான். தலைப்பிரசவத்துக்கு வாலாஜாபாத்திலிருந்து பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. அவளுக்கென்று குழாய்த் தண்ணீரைப் பிடித்துத் தனிப் பானையில் வைப்பேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். “எங்கண்ணன் போடற பவுடருக்கு, கொழந்த வெள்ளைக்காரனாட்டம் பொறக்கும் பாரு அண்ணி” என்பாள். சிரித்துக்கொண்டே இன்னொரு தம்ளர் குடிக்க வைப்பேன்.

ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்ற நாள் குறித்தார்கள். கேழ்வரகு மாவும் நொய்யும் முதல்நாளே காய்ச்சி வைத்து, மறுநாள் காலையில் பச்சைத் தண்ணீரும் மோரும் விட்டுக் கரைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கரைக்கிற தண்ணீரில்தான் வந்தது வினை. பவுடர் வாடையோடு அம்மனுக்குப் படைப்பதா என்று கேட்டார்கள். முதலில் கேட்டது என் மாமியார்.

என் வீட்டுக்காரர் கோயில் வாசலில் நின்று கெஞ்சினார். “டேங்கக் கழுவிவுட்டு, பவுடரு போடாம ஏத்தித் தரேன். ஏரித் தண்ணி மட்டும் வாணாம்.”

பவுடர் பட்ட டேங்கு பட்டதுதான் என்றுவிட்டார்கள். மஞ்சள் பூசிய குடங்களில், மேளத்தோடு, ஏரியிலிருந்து தண்ணீர் வந்தது. நான் வாயைத் திறந்தேன். “சாமி காரியத்துல நாக்க நீட்டாத” என்று மாமியார் எல்லார் முன்னாலும் அதட்டினார்.

நாத்தனாரையாவது குடிக்கவிடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். பிள்ளைத்தாச்சிக்கு முதல் சொம்பு என்று அவள் அம்மாவே கையில் கொடுத்துவிட்டார். வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு அவள் ஆசையாகக் குடித்தாள், இன்னொரு சொம்பும் கேட்டு வாங்கினாள். அத்தனை நாள் பவுடர் தண்ணீரே குடித்த நாக்கு, பாவம்.

மறுநாள் விடிவதற்குள் தெருவில் வீட்டுக்கு ஓர் ஆள் படுத்துவிட்டது. நாத்தனாருக்குக் கண் உள்ளே போய், உதடு காய்ந்து, குரலே எழவில்லை. செங்கல் லாரி ஒன்றை மறித்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றினோம். படப்பை வருவதற்குள் என் மடியிலேயே போய்விட்டாள். வயிற்றிலிருந்ததும் அவளோடு போயிற்று.

பவுடரால் வந்தது என்று தெரு ஒரே வாயாகச் சொன்னது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இத்தனை காலம் ஏரித் தண்ணீர் யாரைக் கொன்றது என்று கேட்டார்கள். யூனியன் ஆபீஸிலிருந்து வந்தவர் வீடு வீடாகப் போய் விளக்கினார். அவர் ஜீப்பில் ஏறும்வரை தலையாட்டினார்கள்.

பிறந்த வீட்டுக் கோடியை அண்ணன்தான் போட வேண்டும். என் வீட்டுக்காரர் புதுப் புடவையோடு வந்தபோது, மாமியார் பிணத்துக்குக் குறுக்கே கையை நீட்டினார். “நீ போடாத. ஊருக்கே வெசம் வெச்ச கை அது.”

பெற்ற மகனைப் பார்த்துத்தான் சொன்னார். என் வீட்டுக்காரர் புடவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் நின்றார். மாமியாரின் கழுத்தை நெரிக்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. மகளைப் பறிகொடுத்தவளை என்ன செய்ய முடியும்?

பிணம் போன பிறகு வீட்டைக் கழுவிவிட அக்கம்பக்கத்துப் பெண்கள் தண்ணீர் கொண்டுவந்தார்கள். குழாய் எங்கள் வாசலுக்கு எதிரிலேயே இருந்தது. அவர்கள் ஏரிவரை நடந்து போய்க் கொண்டுவந்திருந்தார்கள். கழுவி மிஞ்சிய ஒரு குடத்தை அடுப்படியில் வைத்தார்கள். அதுவரை பல்லில் தண்ணீர்கூடப் படாமல் கிடந்த மாமியார் எழுந்து போய், அதில் ஒரு சொம்பு மொண்டு அண்ணாந்தார். நான் பிடுங்கப் போனேன். முழங்கையால் என்னைத் தள்ளிவிட்டுக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

“நல்ல தண்ணி” என்றார். “இதுல யாரும் ஒண்ணும் கலக்கலே.”