நீலக்கவசமும் என் கேபிள் வயரும்

கேபிள் டி.வி. தொழிலில் ஒரு விசேஷம் உண்டு. உலகத்தின் எந்த மூலையில் யார் என்ன முடிவெடுத்தாலும், அதற்குத் திட்டு வாங்க ஓர் ஆள் பக்கத்துத் தெருவிலேயே கிடைப்பான். ஆம்பூரில் எங்கள் ஏரியாவுக்கு அந்த ஆள் நான். நீங்களும் யாரோ செய்ததற்கு யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்பவர் என்றால், இதில் பாதி நான் சொல்லாமலே புரியும்.

சில வருஷங்களாக என்னை ஓர் இடத்தில் உட்காரவிடாமல் செய்தது ஒரு ஜப்பான் கார்ட்டூன். உடம்பில் நீலக் கவசம் மாட்டிக்கொண்டு ஊரைக் காப்பாற்றுகிறவனின் கதை. அதன் ஜப்பான் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை, நீலக்கவசம் என்றே வைத்துக்கொண்டோம். குழந்தைகள் சேனலில் வந்தாலும் குடும்பத்தோடு பார்த்தார்கள். அது வீடுகள் ஒவ்வொன்றாகக் கேபிளை விட்டு நெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். இன்னும் வீடு குறைந்தால் உன் ஏரியாவைப் பக்கத்து ஆபரேட்டருக்குக் கொடுத்துவிடுவோம் என்று எனக்கு சிக்னல் தருகிற கம்பெனி சொல்லிவிட்டது. மிச்சமிருந்த வீடுகளில் பாதியைப் பிடித்து வைத்திருந்தவன் நீலக்கவசம்தான். அவனுக்கு ஒன்று என்றால் என் பிழைப்புக்கும் ஒன்று.

எந்தப் பாஷை?

முதலில் இந்தியில் மட்டும் வந்தது. பிறகு தமிழும் சேர்ந்தது. ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தினால் பாஷை மாறும். வீடுகளில் பிரச்சினை இல்லை. பஜார் டீக்கடையில்தான் வம்பு. சாயங்காலம் அங்கே உட்காருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் உருது பேசுகிறவர்கள், பாதிப் பேர் தமிழ். இவர்கள் தமிழுக்கு மாற்றினால் அவர்கள் உருதுக்குப் பக்கமான இந்திக்கு மாற்றுவார்கள். ரிமோட் கை மாறி மாறிப் போய் ஒரு நாள் பாலில் விழுந்தது.

கடைக்காரர் எனக்குப் போன் போட்டு, ரெண்டும் ஒண்ணா வர்ற மாதிரி ஏதாவது பண்ணித் தொலை என்றார். புது ரிமோட்டோடு ஓடினேன். நான் போய்ச் சேரும்போது சத்தம் தெருவரை கேட்டது. தோல் குடோனில் தரம் பிரிக்கிற ரஃபீக் பாய் மட்டும் டம்ளரைக் கீழே வைக்காமல் சொன்னார்: "வுடுங்கப்பா, அவன் ஜப்பான்காரன். அவனுக்கு இந்தியும் தெரியாது, தமிழும் தெரியாது. பேஜார் பண்ணாம அவன் அடிக்கறத பாருங்க."

ஐந்து மணி

ஏழு மணிக்கு வந்துகொண்டிருந்ததைச் சொல்லாமல் கொள்ளாமல் ஐந்து மணிக்கு மாற்றிவிட்டார்கள். இங்கே ஷூ கம்பெனி பஸ்கள் ஊருக்குள் திரும்ப ஆறரை ஆகும். மறுநாளே ஸ்டெல்லா வந்து நின்றாள். கம்பெனியில் ஷூவின் மேல் பாகம் தைக்கிற வேலை அவளுக்கு. கழுத்தில் அடையாள அட்டையைக்கூடக் கழற்றவில்லை. நேரத்தை முடிவு செய்வது மும்பையில் இருப்பவர்கள், நான் வெறும் வயர்காரன் என்று சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை.

"ஊரக் காப்பாத்துறவனுக்கு அஞ்சு மணிக்கே இன்னாண்ணா அவசரம்? நாங்க பஸ்ஸ வுட்டு எறங்கினதுக்கு அப்புறம் காப்பாத்தச் சொல்லுங்க."

தொண்டை

கொஞ்ச நாளில் எட்டு மணிக்கு மறு ஒளிபரப்பு வந்தது. நான்தான் பேசி வரவைத்தேன் என்று தெரு முழுக்கப் பேச்சு. நானும் மறுக்கவில்லை. பெருமை ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. இரண்டாவது சீசனில் நீலக்கவசத்தின் குரல் மாறிப்போனது.

தோல் பதனிடுகிற ஷாப்பில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற முனுசாமிதான் முதலில் கூப்பிட்டார். சவுண்டு சரியில்லை, கரகரன்னு வருது என்றார். வெயிலில் கம்பம் ஏறி வயர் முனையை வெட்டிப் புதுசாக மாட்டினேன். பாக்ஸை மாற்றினேன். அப்படியும் கரகரதான். கடைசியில் சிக்னல் கம்பெனியில் விசாரித்தால், தமிழில் குரல் கொடுத்தவரையே மாற்றிவிட்டார்களாம். தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வந்து, ஆள மாத்திட்டாங்க மேஸ்திரி என்று பொறுமையாக விளக்கினேன். அவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆளு மாறினா மூஞ்சியும் மாறணும்ல? அதே மூஞ்சிதான இருக்குது. உன் வயர்லதான் எங்கியோ தண்ணி பூந்துக்குது, போய் நல்லா பாரு."

உடைந்த கை

இரண்டாவது சீசனுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஒரு சினிமா எடுத்திருக்கிறார்கள். வேலூரில் ஒரு தியேட்டரில் சில நாள் ஓடியதாம், எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. டி.வி.யில் போடவே இல்லை. நேராக மூன்றாவது சீசன் ஆரம்பித்தது. பார்த்தால் நீலக்கவசத்துக்குக் கையில் கட்டு, கூடவே சுற்றிய தோழனைக் காணோம்.

என் கெட்ட நேரம், அதற்கு முந்தின வாரம்தான் நாட்றம்பள்ளிப் பக்கம் போன ஒரு வைக்கோல் லாரி என் வயரை இழுத்துக்கொண்டு போயிருந்தது. ரெண்டு நாள் தெருவில் படம் இல்லை. விசாரித்துக்கொண்டு வந்து, கை ஒடிந்ததும் தோழன் போனதும் அந்த சினிமாவில்தான் என்று வீடு வீடாகச் சொன்னேன். நான் கட்டிவிடும் கதை என்றே நினைத்தார்கள். பூ கட்டி விற்கிற வசந்தா அக்கா தீர்ப்பே சொல்லிவிட்டாள்: "உன் லைன் ரெண்டு நாள் அறுந்து கெடந்துச்சே, அப்பதான் கை ஒடிஞ்சிக்குது. நாம பாக்காத நேரமா பாத்து அடிச்சிட்டானுங்க."

முடிவு

கடைசி சீசன் போன் ஆப்பில் மட்டும்தான் என்று செய்தி வந்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சேனலில் மறுபடி முதல் சீசனிலிருந்து நாள் முழுக்கச் சுற்றத் தொடங்கிவிட்டார்கள். வீடுகள் மளமளவென்று கழன்றன. வசந்தா அக்கா வீட்டில் நெட் போட்டார்கள். முனுசாமியின் மருமகனும் போட்டான். நான் இழுத்துக் கட்டிய வயரை நானே அவிழ்த்துச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பேன். அந்த எரிச்சலை எழுத்தில் சொல்ல முடியாது. அந்த எரிச்சலிலும் அவன் என்ன ஆனான் என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. ஆபீஸ் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, போனில் அந்த ஆப்பையே போட்டு மொத்தத்தையும் பார்த்து முடித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

மிச்சமிருந்தது ஸ்டெல்லாவின் தெரு. அங்கே ஸ்டெல்லா செய்வதைத்தான் மற்ற வீடுகளும் செய்யும். அந்தத் தெருவும் போனால் ஏரியா என் கையை விட்டுப் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளே போன் செய்து, வீட்டுக்கு வந்துட்டுப் போங்கண்ணா என்றாள். முடிந்தது என்று கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு போனேன்.

உள்ளே டி.வி.யில் முதல் சீசன் ஓடிக்கொண்டிருந்தது. அவள் புருஷன் ஜெயராஜும் அவன் தங்கையும் தட்டோடு உட்கார்ந்து, கடைசியில் நீலக்கவசம் பிழைப்பானா மாட்டானா என்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு கல்யாணப் பேச்சில் முறைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்த அண்ணன் தங்கை அவர்கள். ஸ்டெல்லா ரிமோட்டை நீட்டி, சவுண்டு பட்டன் அமுங்கலண்ணா என்றாள். அதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறாள். வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. கடைசி சீசன் டி.வி.யில் வராதும்மா, விசாரிச்சிட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவள் என்னை வாசலுக்குக் கூட்டி வந்து குரலைத் தணித்தாள்.

"தெரியும்ணா. என் கூட தைக்கறவங்கல்லாம் போன்ல பாத்து முடிச்சிட்டாங்க. முடிச்சப்புறம் அவங்க வீட்ல அந்தப் பேச்சே இல்ல. இங்க இந்தச் சண்டைக்குத்தான் ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து சாப்புட்றாங்க, கனெக்‌ஷன் அப்டியே இருக்கட்டும். நீங்க பாத்துட்டீங்கன்னு மூஞ்சியிலயே தெரியுது, இந்தத் தெருவுல மட்டும் வாயத் தொறக்காதீங்க."

வீட்டுக்கு வீடு கதையைக் கொண்டு சேர்ப்பதுதான் கேபிள்காரன் வேலை என்று இத்தனை வருஷம் கம்பம் கம்பமாக ஏறி இறங்கியவன் நான், இன்றைக்கு என் ஏரியா என் கையில் இருப்பதோ ஒரு கதையின் முடிவை யாரிடமும் சொல்லாமல் இருப்பதால்தான்.