பாக்கியம்மாவின் வலது கை

பிசியோதெரபி என்பது பாதி பயிற்சி, பாதி கெஞ்சல். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று நாள் முழுக்கச் சொல்லித் தொண்டை காய்ந்த என் சக பாவிகளே, தாம்பரம் கிளினிக்கில் எனக்கு வாய்த்த ஒரு கையின் கதையைக் கேளுங்கள்.

மஞ்சள் பந்து

பாக்கியம்மா மீன் விற்பவர். பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. ஆடி மாதத்துக்குள் கை திரும்பாவிட்டால் மார்க்கெட்டில் அவர் இடத்தில் வேறொருத்தி பலகை போட்டுவிடுவாள். விடக்கூடாது என்ற வீம்பு அவரைவிட எனக்கு அதிகம்.

அடுத்தவர் செய்வதை ஊன்றிப் பார்த்தாலே, அதே வேலையைச் செய்யும் மூளைப்பகுதி லேசாக விழித்துக்கொள்ளும் என்று படித்திருந்தேன். எதிரே உட்கார்ந்து மஞ்சள் பந்தை அமுக்கிக் காட்டினேன். ஒரு வாரம் காட்டியதில் என் கை பலமானதுதான் மிச்சம்.

"நீ நல்லாத்தான் அமுக்குற நைனா. அதுக்கு நான் இன்னா பண்ணணும்?"

சிடியில் வந்த அம்மாள்

விட்டேனா? ஒரு பயிற்சி சிடி வாங்கி வந்து கம்ப்யூட்டரில் ஓட்டினேன். ஒரு பெண்மணி கப்பை எடுப்பார், வைப்பார், மறுபடி எடுப்பார். முகத்தில் சிரிப்பும் இல்லை, சலிப்பும் இல்லை. பத்தாவது கப்புக்குள் எனக்கே கொட்டாவி வந்தது. பாக்கியம்மாவின் விரல் அசையவே இல்லை.

"யாரு நைனா அவ, மூஞ்சே செத்துக் கீது? சோறு துன்னாளான்னு கேளு."

சங்கரா மீன்

துணைக்கு வருகிறவள் மருமகள் செல்வி. படப்பைப் பக்கம் விவசாயக் குடும்பம். மகன் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்த பெண். மீன் தொடத் தெரியாத மருமகள் என்று பாக்கியம்மாவுக்குத் தீராத குறை. பந்தும் கப்பும் தோற்றபின், பழகிய வேலையையே காட்டிப் பார்ப்போம் என்று செல்வியைச் சங்கரா மீன் கொண்டுவரச் சொன்னேன்.

அவள் கத்தியை மீனின் தலையில் வைத்து வால் பக்கமாக இழுத்தாள். ஒரு செதிலும் வரவில்லை. பாக்கியம்மாவின் முகம் கடுகடுத்தது. மடியில் கிடந்த வலது கையின் கட்டைவிரல் உள்ளே மடங்கியது! நான் எழுந்தே விட்டேன். விரல் மடங்கியதை அவர் கவனிக்கக்கூட இல்லை.

"அடியே, வாலுலேர்ந்து சுரண்டுடி! மீனுக்குத் தலைவாரி வுடுறியா?"

மக்கு மருமகள்

அன்று முதல் தினம் ஒரு மீன். மற்ற நோயாளிகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், நான் அசரவில்லை. பாக்கியம்மாவுக்குக் கோபம் வந்தால் விரல்கள் மடங்கின. சிரித்துப் பேசிய நாளில் சும்மா கிடந்தன. ஒரு மாதமாகியும் செல்வி தலையிலிருந்தே சுரண்டினாள். "இன்னுமா கத்துக்கலை?" என்று தனியே கூப்பிட்டுக் கேட்டேன். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. அவள் சொன்னதைக் கேட்டு எனக்கு வெட்கமாகிவிட்டது.

"ரெண்டாம் நாளே கத்துக்கிட்டேன் சார். அத்தை கை முழுசா மூடற வரைக்கும் எனக்குத் தெரியாது, அவ்ளோதான்."

பலகை

ஆடிக்கு முந்தின வாரம் பாக்கியம்மா பொறுக்க மாட்டாமல் செல்வியின் கத்தியைப் பிடுங்கினார், வலது கையால். பாதி மீனைச் சுரண்டிய பிறகுதான் அவருக்கே உறைத்தது. அழுதுவிட்டார். நானும்தான்.

ஆடி பிறந்ததும் மார்க்கெட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தன் இடத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் செல்வி சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

"எனக்குக் கை வந்துடுச்சி நைனா. இவளுக்குத்தான் மண்டைல ஏறல. அதுக்கு எதுனா பயிற்சி கீதா?"

பிறகு கிளினிக்கில் எத்தனையோ கருவிகள் வாங்கிப் போட்டுவிட்டோம். ஒரு மருமகள் தெரிந்தே வாங்கிய திட்டுக்கு ஈடாக ஒன்றும் இன்னும் விற்பனைக்கு வரவில்லை.