மதாமின் மகன் போட்ட ஓட்டு

மிர்லாந்தைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை இந்த மொன்றியல் நகரம் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. நாங்கள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் எப்பேர்ப்பட்ட கனத்த ஆளையும் ஒற்றையாகப் புரட்டிப் படுக்கவைப்பாள். வாசலில் போலீஸ் வண்டி வந்தால் மட்டும் துணி அறைக்குள் போய் நின்றுகொள்வாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஹெய்ட்டியில், போர்ட்-ஓ-பிரின்ஸில் புருஷனைச் சுட்டவர்களின் முகத்தை அவள் பார்த்துவிட்டாள். அவர்களும் அவளைப் பார்த்துவிட்டார்கள். திருப்பி அனுப்பினால் அவள் கதி என்ன என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

எங்கள் ஹெய்ட்டிக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. அரசாங்கக் கட்டடத்தைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவோம். ஊரில் பகலில் பேரைக் கேட்டுக்கொண்டு போகிறவன் ராத்திரி வந்து கதவைத் தட்டுவான். அந்தப் பயம் எங்களோடு விமானம் ஏறி வந்துவிட்டது. "பேரைக் குடுக்காதே, கொஞ்சம் பொறு" என்று சர்ச்சில் எல்லாரும் சொல்ல, அவளும் பொறுத்தாள். அடைக்கலம் கேட்டு மனு போடும்போது அவள் கனடாவுக்கு வந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அப்படித் தாமதமாகக் கேட்டவர்களுக்கு இனி விசாரணையே கிடையாது என்று ஒட்டாவாவில் சட்டம் கொண்டுவந்தார்கள்.

அதன்மேல் ஓட்டுப் போட வேண்டிய எம்.பி.க்களில் ஒருவர் சில்வேன், எங்கள் மாடியில் இருக்கும் மதாம் லகூர்ஸின் மகன். மதாமைக் குளிப்பாட்டி, தலைவாரி, ஊட்டிவிடுவது மிர்லாந்துதான்.

"என் பிள்ளைகிட்ட சொல்லிட்டேன் கண்ணு. உங்க ஆளுங்க வயித்துல அடிக்காதேன்னேன். சரிம்மான்னுட்டான்" என்று மதாம் அவளுக்குத் தைரியம் சொன்னாள்.

ஓட்டெடுப்பு நடந்த மாலை மதாமின் அறையில் டிவி ஓடியது. நான் போர்வை மாற்றிக்கொண்டிருந்தேன். சட்டத்தை ஆதரிப்பவர்கள் முதலில் எழுந்து நிற்பார்கள். எதிர்ப்பவர்களுக்கு முறை அப்புறம்தான். மிர்லாந்துக்கு அது தெரியும், மதாமுக்குத் தெரியாது. ஒவ்வொருவராக எழுந்து, பேர் சொன்னதும் உட்கார்ந்தார்கள். சில்வேன் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உட்காந்திருங்க ஐயா, அப்படியே உட்காந்திருங்க" என்று மிர்லாந்த் முணுமுணுத்தாள். கையிலிருந்த பட்டாணி சூப் கரண்டி மதாமின் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"எழுந்திருடா சோம்பேறி! எல்லாரும் நிக்கறாங்க பாரு!" என்று மதாம் டிவியை அதட்டினாள்.

சில்வேன் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அவர் பேரைச் சொன்னார்கள். உட்கார்ந்தார்.

மதாம் கைதட்டினாள். "பாத்தியா! உனக்காக எழுந்து நின்னான் என் பிள்ளை!"

"ஆமாம் மதாம்" என்று சொல்லி மிர்லாந்த் அடுத்த கரண்டியை ஊட்டினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் டிவியைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன்.

சட்டம் நிறைவேறியது. ஞாயிற்றுக்கிழமை சில்வேன் வழக்கம்போல அம்மாவுக்குப் பலகாரம் வாங்கிக்கொண்டு வந்தார். "அவனுக்கு ஒரு நன்றி சொல்லு கண்ணு" என்றாள் மதாம். மிர்லாந்த் சொன்னாள். அந்த மனுஷனுக்குக் காதுவரை சிவந்துவிட்டது.

போகும்போது லிஃப்ட் பக்கத்தில், என் காதில் விழும் தூரத்தில், அவளை நிறுத்தினார். "கட்சி உத்தரவு, மிர்லாந்த். என்னால மீற முடியல. உங்க மனுவும் அந்த ஒரு வருஷக் கணக்குல மாட்டுதா? மாட்டுச்சுன்னா சொல்லுங்க, நானே மந்திரிகிட்ட போய் நிக்கறேன். முழுப் பேரு சொல்லுங்க."

"இல்லீங்க ஐயா. நான் வந்த உடனேயே மனு குடுத்துட்டேன். எனக்கு ஒண்ணும் இல்ல."

"அப்பாடா!" என்றவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு லிஃப்டில் ஏறினார்.

நான் ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "பைத்தியமாடி உனக்கு? அந்த ஆளே வந்து கேக்கறாரு, வாயத் தெறக்க மாட்டியா?"

அவள் உதடெல்லாம் வெளுத்திருந்தது.

"எழுதிக்கறதுக்குப் பேனாவை எடுத்தாரு அக்கா."