பணிவானவர், நேரம் தவறாதவர்

கலீல் ரஹ்மான் பாய் பத்தொன்பது வருடமாக எங்கள் மருத்துவக் கல்லூரி அலுவலகத்தில் டைப்பிஸ்ட். ஸ்டெதாஸ்கோப்பை எந்தப் பக்கம் காதில் மாட்டுவது என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் இறுதியாண்டில் யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்பதை ஐந்தாறு மாதம் முன்பே சொல்லிவிடுவார். அடுத்த மேசைக்காரியான எனக்கு மட்டும்தான் சொல்வார். ஆளுக்கு ஒரு டீ பந்தயம். இத்தனை வருடத்தில் நான் ஜெயித்தது நாலே டீ.

வித்தை ஒன்றுமில்லை. வார்டு பயிற்சி முடிந்ததும் டாக்டர்கள் ஒவ்வொரு மாணவரைப் பற்றியும் நாலு வரி எழுதி அனுப்புவார்கள். ஆங்கிலத்தில்தான், கோழி கிளறிய கையெழுத்தில். பாய் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். "தையல் போடும்போது கை நடுங்குகிறது" என்று வந்தால், "தேறிடும்" என்பார். "கேஸ் ஷீட்டைப் பாதியில் விடுகிறான், கேட்டால் எதிர்க்கேள்வி கேட்கிறான்" என்று வந்தாலும், "தேறிடும்." ஆனால் "பணிவானவர், நேரம் தவறாதவர், நல்ல பிள்ளை" என்று வந்தால் உதட்டைப் பிதுக்குவார்.

"வேலையப் பத்தி ஒரு வார்த்தை இல்லீங்களே, சாரதாம்மா."

எங்கள் பக்கத்து டாக்டர்களுக்கு யாரையும் குறை சொல்லி எழுத வராது. மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்றாலும் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிக் காபி கொடுத்து அனுப்புகிற ஊர் இது. கொஞ்சமாவது தேறுகிற பிள்ளையைத்தான் உரிமையோடு திட்டுவார்கள். சொல்ல ஒன்றுமே இல்லாத பிள்ளைக்கு நற்சான்று வந்துவிடும்.

போன வருடம் கல்லூரி ஒரு சாஃப்ட்வேர் வாங்கியது. டாக்டர்கள் எழுதியதை அதுவே படித்து, தோற்கக்கூடிய பன்னிரண்டு பேரைப் பொறுக்கும். அந்தப் பன்னிரண்டு பேருக்கு மட்டும் வார்டில் ஆறு வாரம் தனிப் பயிற்சி. "நடுங்குகிறது" என்றால் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்ளுமாம், "பணிவு" என்றால் கூட்டிக்கொள்ளுமாம். விற்க வந்தவர் டை கட்டிக்கொண்டு விளக்கினார். பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். எங்களை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

பாயின் ஒரே மகள் ஹஃப்சா அந்த இறுதியாண்டு வகுப்பில்தான் இருந்தாள். அரசுப் பள்ளியில் படித்து, அதற்கான ஒதுக்கீட்டில் இடம் வாங்கியவள். சூரமங்கலத்திலிருந்து இருவரும் ஒரே பஸ்ஸில் போய் வரலாம் என்று பாய்தான் கவுன்சிலிங்கில் இந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தார். அந்த ஒரே பஸ் ஆசைதான் வினையாகப் போனது.

ஆகஸ்டில் பொது மருத்துவ வார்டிலிருந்து தாள் கட்டு வந்தது. ஜீவானந்தம் என்ற மாணவனுக்குப் "பணிவானவர், நேரம் தவறாதவர், மரியாதையானவர், நல்ல பையன்" என்று இருந்தது. பாய் உதட்டைப் பிதுக்கினார். எனக்கு அந்தப் பையனின் முகம் பிடிக்கும், தேறுவான் என்று ஒரு டீ கட்டினேன். இருவரும் சிரித்துக்கொண்டோம். பாய் அடுத்த தாளை எடுத்தார். "பணிவானவர், நேரம் தவறாதவர், மரியாதையானவர், நல்ல பெண்." மேலே ஹஃப்சாவின் பெயர்.

பாய் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

சாஃப்ட்வேர் வெளியிட்ட முதல் பட்டியலில், கவலைப்படத் தேவையில்லாதவர்களில் ஹஃப்சாதான் முதல். பாயின் மனைவி வஹீதுன்னிசா தெரு முழுக்கச் சேமியா பாயசம் கொடுத்தார். பாய் மட்டும் மகளைத் தனியாகக் கூப்பிட்டு, வார்டில் டாக்டர் என்ன கேட்பார் என்று விசாரித்திருக்கிறார். "ஒண்ணும் கேக்க மாட்டாரு அத்தா. பார்த்தா சிரிப்பாரு" என்றிருக்கிறாள்.

மறுநாள் பேராசிரியர் காளியண்ணன் அறைக்குப் போனோம். துணைக்கு நானும். அவர் மோகனூர்க்காரர், தங்கமான மனிதர். அதுதான் பிரச்சினை.

"வாங்க பாய், உக்காருங்க."

பாய் உட்காரவில்லை. "சார், எம் புள்ளையப் பத்தி எழுதியிருந்தீங்க."

"நல்லபடியாத்தானுங்களே எழுதியிருக்கறேன்?"

"அதாங்க சார் பயமா இருக்கு. கொஞ்சம் திட்டி எழுதித் தரணும்."

முப்பது வருட சர்வீஸில் இப்படியொரு மனு அவருக்கு வந்திருக்காது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் எழுதறத டைப் அடிக்கறவரு நீங்க. பெத்தவரு கண்ணுல படற மாதிரி புள்ளையக் கொற சொல்லி எழுதுனா நல்லாவாங்க இருக்கும்? வார்டுலயும் அப்புடித்தானுங்க. நம்ம பாய் புள்ளையாச்சேன்னு கேள்வி கேக்கறதில்லீங்க."

"அப்போ அவளுக்கு வேலை தெரியுமா தெரியாதான்னு உங்களுக்கே தெரியாதுங்களா சார்?"

பேராசிரியர் கண்ணாடியை மறுபடி துடைத்தார். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏனுங்க சார், நாளைக்கு அந்தப் புள்ள ஊசி போடப்போறது நம்மளுக்குத்தானுங்களே?" என்றேன்.

அன்று மாலையே, பொது மருத்துவக் கட்டை எனக்கு மாற்றச் சொல்லிப் பாய் கடிதம் கொடுத்தார். கடைசிப் பட்டியலுக்கு இன்னும் ஒரு சுற்றுத் தாள்கள் வர வேண்டியிருந்தது. தாள் எதுவும் கண்ணில் படக்கூடாது என்று அந்த ஒரு மாதமும் அவர் என் மேசைப் பக்கம் திரும்பவில்லை. செப்டம்பர் கடைசியில் கட்டு வந்தது. தாளில் இருப்பதை வீட்டாரிடம் சொல்லக்கூடாது என்பது விதி. நான் கதவைச் சாத்திவிட்டு ஹஃப்சாவின் தாளைப் பாய்க்குப் படித்துக் காட்டினேன்.

"மூச்சுச் சத்தம் கேட்கத் தெரியவில்லை. மூன்று முறையும் ஸ்டெதாஸ்கோப்பைத் தவறான இடத்தில் வைத்தாள். நோயாளியிடம் சர்க்கரை உண்டா என்று கேட்கவே இல்லை. மறுநாள் தானாகவே வந்து, இன்னொரு தரம் காட்டுங்கள் என்றாள்."

"திரும்பப் படிங்க சாரதாம்மா."

படித்தேன்.

"மூணு தடவையும் தப்பா?"

"மூணு தடவையுந்தானுங்க பாய்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மறுநாள் அவளாவே போயிருக்கா பாருங்க."

கடைசிப் பட்டியலில் ஹஃப்சா பன்னிரண்டாவது. மற்ற பதினோரு வீட்டாரும் பெயரை எடுக்கச் சொல்லிச் சண்டைக்கு வந்தார்கள். பன்னிரண்டாவது வீட்டுக்காரர் மட்டும் அலுவலகம் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். ஹஃப்சா ஆறு வாரமும் திட்டு வாங்கினாள். வஹீதுன்னிசா ஆறு வாரமும் பாயோடு பேசவில்லை.

மார்ச்சில் முடிவு வந்தது. ஹஃப்சா தேறிவிட்டாள். பொது மருத்துவத்தில் மயிரிழையில்தான், இருந்தாலும் தேறிவிட்டாள். பாய் இனிப்புப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே ஒருவர் வந்து நின்றார். ஆட்டையாம்பட்டியில் தறி ஓட்டுகிறவர், ஜீவானந்தத்தின் அப்பா. பையன் தேறவில்லை.

"ஏனுங்க, எம் பையனப் பத்தி டாக்டருங்க நல்லபடியா எழுதியிருந்தாங்கன்னு சொன்னானுங்களே? கவலையில்லைங்கற லிஸ்ட்லதானுங்க இருந்தான். அப்பறம் எப்படிங்க?"

நான் குனிந்து எதையோ தேடினேன். பாய் பெட்டியை மூடி வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். அந்த அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லபடியாத்தாங்க எழுதியிருந்தாங்க. அதை அடிக்கும்போதே எனக்குத் தெரியும். எம் புள்ளைக்காக ஓடினேன். உங்க புள்ளைக்குச் சொல்லாம விட்டுட்டேன்."

தறிக்காரருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. அடுத்த தேர்வு எப்போது என்று கேட்டுக்கொண்டு போனார்.

இப்போதெல்லாம் "பணிவானவர்" என்று தாள் வந்தால் பாய் அதை டைப் அடிப்பதில்லை. எடுத்துக்கொண்டு வார்டுக்கு நடக்கிறார். வேலையைப் பற்றி ஒரு வரி எழுதும்வரை டாக்டரின் மேசை முன்னால் நின்றுகொண்டிருக்கிறார். டாக்டர்கள் அவரைக் கண்டால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்கள். அந்தப் போன் முடியும்வரை பாய் நிற்கிறார்.

பந்தயத்தை நிறுத்திவிட்டோம். ஜீவானந்தத்துக்காக நான் கட்டித் தோற்ற டீயை அவர் கேட்கவில்லை. வாங்கிக் கொடுக்க எனக்கும் முகம் இல்லை.