உள்ளே போகாத பாதி

என் மேசை இழுப்பறையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. அதற்குள் நகத்தளவு சிலிக்கான் துண்டு. ஒரு ஓரம் உடைந்தது, முகமெல்லாம் மெல்லிய கீறல். அக்கா தந்தது.

உறவில் அக்கா அல்ல. தொண்ணூறுகளில் திருவனந்தபுரத்து ஆய்வகம் ஒன்றில் எனக்கு மூத்த ஆய்வு மாணவி. நான் பாறசாலையில் பஸ் ஏறுவேன், அவர் உதியன்குளங்கரையில் ஏறுவார். எங்கள் வேலை வைரப் படலம் வளர்ப்பது. காற்றை உறிஞ்சி வெளியேற்றிய கலத்துக்குள் ஹைட்ரஜனும் கொஞ்சம் மீத்தேனும் விட்டு மின்சாரம் பாய்ச்சினால், வாயு டியூப்லைட் போல ஊதா நிறத்தில் ஒளிரும். அந்த ஒளிர்வில் கரி பிரிந்து சிலிக்கான்மேல் படியும். வாகாக அமைந்தால் அது வைரம். ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். "வைரம் உண்டாக்குதவனுக்க செருப்பப் பாரு, வார் அறுந்து கெடக்கு" என்பார் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் என் அப்பா.

அக்காவின் துண்டுகளில் படிகங்கள் வளர்ந்தன. என்னுடையதில் வெறும் கரி. வளர்வதற்கு முன் சிலிக்கானை வைரத்தூளால் தேய்த்துக் கீறவேண்டும். கீறலில்தான் படிகம் பிடிக்கும். அவர் தேய்த்தபின் அவசரமாகக் கழுவுவதைக் கவனித்தேன். ஒட்டிக்கிடக்கும் தூளைத்தான் வளர்ந்த வைரம் என்று காட்டுகிறாரோ? எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிப்படி ஏறியவன் நான். எதையும் சந்தேகப்படுவதே அறிவியல் என்று நம்பினேன். அவரிடம் கேட்கவில்லை. நேரே எங்கள் இருவருக்கும் வழிகாட்டியான சாரிடம் சொன்னேன். அனுப்பத் தயாராக இருந்த அவரது கட்டுரையைச் சார் நிறுத்திவைத்தார். அது வெளிவராமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது.

விஷயம் தெரிந்ததும் அக்கா ஒரு துண்டைத் தேய்த்து, கழுவி, என் கண்முன்னே இரண்டாக உடைத்தார். "எந்தப் பாதி உள்ள போணும், நீயே சொல்லு மக்கா."

ஒன்றைக் காட்டினேன். நானே கலத்தில் வைத்தேன். ஒரு பகல் முழுவதும் ஊதா ஒளியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன், தேநீருக்குக்கூட எழவில்லை. உருப்பெருக்கியில் உள்ளே போன பாதியில் முக்கோண முகம் கொண்ட படிகங்கள் நெருக்கமாக நின்றன. போகாத பாதியில் கீறல்கள் மட்டும்.

சார் கட்டுரையை அனுப்பச் சொன்னார். அதற்குள் வேறெங்கோ யாரோ அதே முடிவை அச்சிட்டிருந்தார்கள். அக்கா மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று.

செய்தி வந்த அன்று மாலை ஒரே பஸ்ஸில் திரும்பினோம். உதியன்குளங்கரை வந்ததும் டப்பாவை என் மடியில் வைத்தார். "உள்ள போவாத பாதியாக்கும். ஒனக்கு இருக்கட்டு. சந்தேகம் தப்பில்ல மக்கா. ஆனா எங்கிட்ட கேக்க ஒனக்கு வாய் இல்லியா?" இறங்கிப் போனார்.

இப்போது நான் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். சில நாள் அந்தத் துண்டை எடுத்து ஆய்வக உருப்பெருக்கியில் வைத்துப் பார்க்கிறேன். ஒரு துளி வைரத்தூளாவது ஒட்டியிருக்காதா என்று ஓரத்திலிருந்து ஓரம்வரை தேடுகிறேன். கீறல்கள் மட்டும்தான் இருக்கின்றன.